வன்னியின் இனிப்பு

வன்னி என்றதும் நம்மிற் பலருடைய நினைவுக்கு வருவன காடும், குளமும், நெல்வயலுமே. அண்மைக் காலத்தை அறிந்தோர்க்குப் போரும் இடப்பெயர்வும் அவற்றோடு சேர்ந்து நினைவுக்கு வரும். அந்த நிலத்துக்கு இனிப்பின் வரலாறு ஒன்றும் உண்டு என்பதைச் சிந்திப்போர் மிகச் சிலரே. கடையிலே சீனி வாங்கிப் பழகிய நமக்கு, சீனி வராத காலத்தில் மக்கள் எதனால் நாவை இனிப்பித்தனர், பண்டிகைக்கு எதனாற் பணியாரம் செய்தனர், பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டுமென்றால் என்ன செய்தனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. அவ்வினாக்களோடு சென்ற ஆனி மாதத்தில் நான்கு நாள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிற் சுற்றி வந்தோம். கண்டதையும் அறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாணும் போறணையும்

வவுனியாவில் விடியற்காலை இறங்குவோரை முதலில் வரவேற்பது பேக்கரி வாசனையே. பாணும் பணிசும் போறணையிலிருந்து வெளிவரும் நேரம் அது. பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றவை. நாவுக்கு உகந்ததை நம்மவர் ஏற்றுக்கொண்டதோடு, அதற்குத் தமிழ்ப் பெயரும் தேடினர். வெதுப்பகம் என்னும் பெயர்ப்பலகைகளை வடக்கிற் பல இடங்களில் இன்றும் காணலாம்.

போறணைப் பண்டம் என்றாற் சீனியின்றி ஆகாது என எண்ணுவது தவறு. தென்னிலங்கையிலே பிபிக்கன் என்றொரு பண்டம் உண்டு. தேங்காய்ப்பூவைப் பாணியிலே கிளறி, ரவையோ அரிசிமாவோ சேர்த்துப் போறணையில் வேகவைப்பர். பறங்கியர் வீடுகளிலிருந்து பரவிய லவ் கேக்கிலே ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, பன்னீர் ஆகியவற்றோடு தேனும் சேரும். ஆகவே சீனிக்குப் பதிலாகவோ துணையாகவோ வேறு இனிப்பைப் போறணைக்கு அனுப்புவது இந்நாட்டுக்குப் புதிதன்று. வன்னியிலே அதற்குரிய பொருள்கள் எவை என்பதே நாம் தேடிச் சென்றது.

காட்டின் கொடை

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் ஆகியவற்றைக் கடந்து மாங்குளம் சேர்ந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வீதி. இருமருங்கும் காடு. அக்காட்டின் மூத்த குடி பாலைமரம். வைரம் பாய்ந்த அம்மரத்திலே ஆனி, ஆடி மாதங்களில் மஞ்சள் நிறச் சிறு பழங்கள் கொத்துக் கொத்தாகக் கனியும். தின்றால் தேனினும் இனிமை. ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு எளிதிற் போகாது. கரடிக்கு அப்பழத்தின்மேல் அளவற்ற விருப்பம். ஆகையாற் பழம் பொறுக்கச் செல்வோர் தனித்துச் செல்வதில்லை.

பழத்தைப் பிழிந்து சாறெடுத்து, வடித்து, மெல்லிய தீயிலே காய்ச்சினாற் பாலைப்பாணி கிடைக்கும். வீதியோரத்திற் பழம் விற்ற மூதாட்டி ஒருவர், தம் தாயார் காலத்தில் ஒரு முட்டிப் பாணி மழைக்காலம் முழுவதற்கும் போதுமாயிருந்தது என்றார். பாலை எல்லா ஆண்டும் ஒரே அளவிற் காய்ப்பதில்லை. இக்காலத்திற் பாணி காய்ச்சுவோரும் அருகிவிட்டனர். எனவே அது கடைச்சரக்காகாமல் வீட்டுப் பொக்கிஷமாகவே இருந்து வருகின்றது.

தேனும் காட்டின் கொடையே. மரப்பொந்திற் குடியிருக்கும் தேனீயின் தேன் ஒன்று. உயர்ந்த கிளையிலே பெருங்கூடு தொங்கவிடும் தேனீயின் தேன் மற்றொன்று. பாலையும் வீரையும் பூக்கும் பருவத்தில் எடுக்கும் தேனின் நிறமும் மணமும் வேறு. போர் முடிந்த பின்னரும் காட்டுக்குள் நெடுந்தூரம் செல்லப் பலர் அஞ்சினர். மண்ணில் எஞ்சிய கண்ணிவெடிகளே அவ்வச்சத்தின் காரணம். தேன் எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அது பெரும் இழப்பாயிற்று.

பனையடியிலே

முள்ளியவளையைக் கடந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வணங்கி, நந்திக்கடலோரமாக முல்லைத்தீவைப் பார்த்துவிட்டுப் புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனை அடைந்தோம். அங்கிருந்து மேற்கே பூநகரி வீதி. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர் பெற்ற பூநகரி, பனைக்கும் பெயர் பெற்றது. உப்புக் காற்றும் மணல் நிலமும் பனைக்குப் பகையல்ல.

பனையிலிருந்து இனிப்பு வரும் வழியை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. பாளையைச் சீவி முட்டி கட்டினால் இனிய சாறு துளித்துளியாக இறங்கும். அச்சாற்றைச் சும்மா விட்டாற் காற்றிலுள்ள மதுவங்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதிப்புத் தடைப்படும். அப்போது கிடைப்பது கருப்பநீர். தமிழகத்தார் இதனைப் பதநீர் என்பர். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையைச் சீவவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை அடைபடும். கருப்பநீரில் நூற்றுக்கு 10 முதல் 13 பங்கு வரையே இனிப்பு உண்டு. ஆகவே ஒரு கிலோ பனங்கட்டிக்கு 8 முதல் 10 லீற்றர் வரை கருப்பநீர் வேண்டும். அதை வடித்து, காய்ச்சி, பதம் பார்த்துக் கிளறி, ஓலையால் இழைத்த சிறு குட்டான்களில் வார்த்து ஆறவிட்டாற் பனங்கட்டி. பதம் வருமுன் இறக்கினாற் பனம்பாணி. பாணியைப் பல நாள் ஆடாமல் வைத்துப் படிகமாக்கினாற் பனங்கற்கண்டு. நம்மவர் அதனைக் கல்லாக்காரம் என்றும் சொல்வர்.

இத்தனை உழைப்புக்கும் கிடைக்கும் விலை போதாமையால் இளைஞர் மரம் ஏற விரும்புவதில்லை. 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. ஆயினும் போரிலே வீழ்ந்த பனைகள் எண்ணிறந்தன. பனை வளர்ந்து பாளை விடுவதற்குப் பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். சீனி கலந்த பனங்கட்டி சந்தையில் மலிந்திருப்பது வேறொரு குறை. கலப்படத்தால் ஏமாறுபவர் வாங்குவோர் மட்டுமல்லர். உண்மையாக உழைக்கும் தொழிலாளியும் விலையில் ஏமாறுகின்றார்.

தடை வளர்த்த பழக்கம்

பொருள் வரவு தடைப்பட்ட காலங்களிலேயே மனிதர் புதிய இனிப்பைத் தேடியிருக்கின்றனர். பீற் கிழங்கிற் சீனி உண்டென்பதை 1747 இல் ஜேர்மனிய அறிஞர் மார்க்கிராவ் கண்டறிந்தார். ஆனால் 1806 இல் நெப்போலியன் ஆங்கில வணிகத்தைத் தடுத்து, மேற்கிந்தியக் கரும்புச் சீனி ஐரோப்பாவுக்கு வருவது அரிதான பின்னரே அக்கிழங்கு பெருந்தொழிலாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானியாவிலே 1940 முதல் 1953 வரை சீனி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அந்நாட்களில் அங்குள்ள இல்லத்தரசியர் கரட் கிழங்கைத் துருவிக் கேக்கிலே சேர்த்தனர்.

நம் நாட்டில் 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி குறைந்தபோது சீனிக்கும் பாணுக்கும் வரிசை நின்றது இன்றைய பாட்டன்மார் அறிந்த செய்தி. வன்னி மக்களுக்கு அதனினும் கடிய காலம் பின்னர் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டதோடு கண்டி வீதி மூடப்பட்டது. 2002 வரையில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. 1995 இலும் 1996 இலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையினராக வன்னிக்கு வந்து சேர்ந்தனர். அந்நாட்களிற் சீனி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்து, அதைக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. மணல் பரப்பிய தாச்சியின்மேல் சட்டியை வைத்து, மூடியின்மேல் தணல் இட்டுப் பனங்கட்டிக் கேக் வேகவைத்த தாய்மாரை இன்றும் கிளிநொச்சியிற் சந்திக்கலாம். 2009 இன் முற்பகுதியில் முள்ளிவாய்க்காலிலே உப்பிட்ட கஞ்சியே உணவாயிருந்தது. அங்கு இனிப்பைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் இருந்திராது.

பின்னர், 2021 இலும் 2022 இலும் நாடு முழுவதையும் பொருளாதார நெருக்கடி பற்றியபோது, சீனியும் எரிவாயுவும் இன்றிக் கொழும்பு மாநகரமே தவித்தது. வன்னித் தாய்மார் அப்போது அவ்வளவாகக் கலங்கவில்லை என்று நம்மிடம் ஒருவர் சொன்னார். அவர்களுக்கு அந்தப் பாடம் முன்னரே மனப்பாடமாயிற்றன்றோ!

அடுக்களையில் ஒரு சோதனை

கிளிநொச்சியிலே நம் இல்லத்தாரின் தமக்கையார் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அவருடைய பேர்த்திக்குப் பிறந்தநாள். இரசாயனம் கற்பிப்பவர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பதாற் போலும், கேக் ஒன்றுக்குப் பதிலாக மூன்று செய்து பார்ப்போம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தனர். ஒன்று சீனியால், ஒன்று பனங்கட்டியால், ஒன்று தேனால். மா, ரவை, முட்டை, மாஜரீன் யாவும் மூன்றுக்கும் ஒரே அளவு.

கேக்கிலே சீனியின் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. மாஜரீனோடு அடிக்கும்போது சீனிப் பளிங்குகள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கொழுப்புக்குள் புகுத்துகின்றன. கேக் பொங்குவதற்கு அக்குமிழிகளே அடித்தளம். சீனி நீரைப் பற்றிக்கொள்வதால் மாவின் பசையம் இறுகாமற் பண்டம் மென்மையாகின்றது. பல நாள் உலராமலும் இருக்கின்றது. மேற்புறம் பொன்னிறமாவதும் சீனியின் உதவியாலேயே. எனவே சீனியை நீக்கினால் இந்நான்கு வேலைகளையும் செய்ய வேறொருவரை அமர்த்தவேண்டும்.

பனங்கட்டியைத் துருவிச் சீனியின் நிறைக்குச் சம நிறையாக எடுக்கலாம். அதிலே துரும்பும் மண்ணும் இருக்கக்கூடுமாகையால், சிறிதளவு சுடுநீரிற் கரைத்து வடித்து ஆறவிட்டுச் சேர்ப்பதே சிறந்தது. கரைத்த நீரின் அளவுக்குப் பாலைக் குறைத்தல் வேண்டும். கரைந்த பனங்கட்டியிற் பளிங்கு இல்லாமையாற் காற்றுக் குமிழிகள் குறையும். ஆகவே முட்டையின் வெண்கருவைத் தனியாக நுரைக்க அடித்து இறுதியிற் சேர்த்தோம். நிறம் கடுங்கபிலம், பொங்குதல் சற்றுக் குறைவு, மணமோ, ஏலக்காயோடு சேர்ந்து அடுத்த வீட்டாரையும் அழைத்துவிட்டது.

தேன் சீனியிலும் இனியது. ஒரு கோப்பைச் சீனிக்கு முக்காற் கோப்பைத் தேன் போதும். தேனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நீர் இருப்பதால், ஒரு கோப்பைத் தேனுக்குக் காற் கோப்பை வீதம் பாலைக் குறைக்கவேண்டும். அது புளிப்புத் தன்மை உடையதாகையால் கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்தல் நலம். விரைவிற் கருகுமாகையால் வெப்பத்தை வழக்கத்திலும் 15 பாகை செல்சியஸ் குறைத்து வைத்தோம். அக்கேக் மூன்றாம் நாளிலும் ஈரப்பதம் குன்றாமல் இருந்தது. ஆயினும் நல்ல காட்டுத்தேனின் நறுமணத்தில் ஒரு பகுதி போறணை வெப்பத்தில் அகன்றுவிடுகின்றது. அரிய தேனை அவ்வாறு செலவிடுவதிலும், வெந்த கேக்கின்மேல் ஒரு கரண்டி தடவி உண்பதே சிக்கனம் என்பது வீட்டாரின் தீர்ப்பு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது என்பதையும் தாய்மார் நினைவில் வைக்கவேண்டும்.

பிள்ளைகளின் வாக்கெடுப்பிற் பனங்கட்டிக் கேக்கே வென்றது. சீனிக் கேக் இரண்டாமிடம்.

நோயாளிக்கு எது?

கேக் வெட்டிய பின்னரே உண்மையான வினா எழுந்தது. அவ்வீட்டின் தலைவர், நம் சகலனார், பல ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். புண் ஆறாமையால் இடக்காற் பெருவிரலை இழந்தவர். அவருக்கெனத் தமக்கையார் பனங்கட்டிக் கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டித் தட்டில் வைத்தார்.

“இது சீனியில்லைத்தானே தம்பி. பனங்கட்டி உடம்புக்கு நல்லது. ஒரு வருஷமாய் இவருக்குத் தேத்தண்ணிக்கும் பனங்கட்டிதான் குடுக்கிறன்” என்றார்.

நாம் உடனே பேசவில்லை. அன்போடு செய்ததைக் குறைகூறுதல் எளிதன்று. ஆயினும் பேசாதிருப்பது அதனிலும் தீது. அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். அந்த ஓராண்டு முழுவதும் இரத்தச் சீனியின் அளவு ஏறியபடியே இருந்தது. பனங்கட்டியின் முக்காற் பங்குக்கு மேற்பட்டது சுக்குரோசு. கடைச் சீனியும் அதே சுக்குரோசுதான். 100 கிராம் பனங்கட்டி தரும் வெப்பசக்தியும் சீனி தருவதற்கு ஏறக்குறைய நிகரே. அதிலுள்ள கனிப்பொருள்கள் உண்மையானவை. ஆனால் நாம் உண்ணும் சிறு அளவில் அவற்றால் விளையும் நன்மை சிறிது. தேனும் அவ்வாறே: அதிலுள்ள பழச்சீனியும் குளுக்கோசும் இரத்தத்தைச் சென்றடைவனவே. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரையில், நாளாந்த உணவுச் சக்தியிற் பத்திலொரு பங்குக்கு மேற்படாதிருக்க வேண்டிய சீனிகளுள் தேனையும் பாணியையும் சேர்த்தே எண்ணியிருக்கின்றது. இவற்றையெல்லாம் இயன்றவரை மெதுவாக எடுத்துரைத்தோம்.

தமக்கையார் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “நல்லதெண்டுதானே குடுத்தனான்” என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயினின்று வந்தது. சகலனார் சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை நான்காக வெட்டி, ஒன்றைத் தாம் எடுத்து, மூன்றைப் பேர்த்தியின் தட்டுக்கு மாற்றினார். “இண்டைக்கு இரவு ஒரு இடியப்பம் குறைவாய்ப் போடும்” என்றார் மனைவியிடம். அடுத்த மருத்துவ நாளிற் பனங்கட்டித் தேநீரைப் பற்றி மருத்துவரிடம் மறையாமற் சொல்வதென்றும் முடிவாயிற்று.

இரசாயன இனிப்பூட்டிகளால் இக்குறை தீராதா என்று மூத்த மகன் கேட்டார். சீனித்துளசியின் சாரம் சீனியினும் இருநூறு மடங்குக்கு மேல் இனிப்பது. சுக்கிரலோசு அறுநூறு மடங்கு. ஒரு சிட்டிகை இனிப்பைத் தரும். கேக்குக்கு வேண்டிய பருமனையும் ஈரத்தையும் மென்மையையும் தராது. அசுபாற்றேம் போறணை வெப்பத்தில் இனிப்பையே இழந்துவிடும். உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இவற்றை நம்பவேண்டாம் என 2023 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளவர்களை அவ்வறிவுரையில் அது உட்படுத்தவில்லை. அவர்கள் தத்தம் மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

மறுநாட் காலையில் தமக்கையார் தாமாகவே இன்னொரு கேக் செய்தார். பனங்கட்டியில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தார். வறுத்த தேங்காய்ப்பூவும் ஏலமும் சேர்த்தார். தீப்பெட்டியளவு துண்டுகளாக வெட்டினார். இனிப்புக் குறைந்ததை எவரும் உணரவில்லை. பொதுவாக எந்தக் கேக்கிலும் நான்கிலொரு பங்கு இனிப்பைக் குறைத்தாற் பண்டம் கெடுவதில்லை. எந்த இனிப்பை மாற்றுவது என்பதிலும், எவ்வளவு குறைப்பது என்பதே நம் உடலுக்கு வேண்டிய கணக்கு.

பனைக்கு நாம் பட்ட கடன்

அப்படியாயின் பனங்கட்டியைக் கைவிடலாமா? அவ்வாறு சொல்வதற்கில்லை. மருந்தென்று புகழ்ந்து விற்பதே பிழை. இனிப்பென்று மதித்து வாங்குவது பிழையன்று. இந்நாடு உண்ணும் சீனியிற் பெரும்பகுதி கப்பலில் வருவது. பனங்கட்டியோ நம் கண்முன் ஒருவர் மரமேறி இறக்கியது. அளவோடு உண்ணும் இனிப்பு நம் மண்ணினதாய் இருந்தால், அதன் விலை அந்த ஏணியடியிலேயே தங்கும்.

திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் முன் எல்லா வாகனங்களும் நின்றன. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிச் செல்வது வீதியின் பழைய வழக்கம். அக்கச்சான் கடைகளின் பக்கத்திலே, தீப்பெட்டியளவு பனங்கட்டிக் கேக்கும் ஓலைப்பெட்டியில் விற்பனைக்கு இருந்தால் எத்துணை நன்று! பூநகரித் தொழிலாளியின் பனங்கட்டியும் கிளிநொச்சித் தாய்மாரின் கைத்திறனும் ஒருங்கே பயன்பெறும். கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இன்னும் பாலைப்பாணி காய்ச்சத் தெரிந்த மூதாட்டியார், பதம் பார்க்கத் தெரிந்த பனைத் தொழிலாளி எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று கேட்டு, அளவும் பதமும் தவறாமல் எழுதி வையுங்கள். பஞ்ச காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் அறிவு நெடுநாள் நிலைப்பதில்லை. வளமான நாளிலே அதைப் பேணிக் காப்பவர்க்கே வறுமை நாளில் அது துணைநிற்கும்.